முட்டிக்குக் கீழே நாலு விரல்: சூசான்லி புள்ளியைத் தேடிப் பிடிப்பது எப்படி

சீன ஊசி மருத்துவமான அக்குபங்சர்மேல் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் முதலில் செய்வது, உடம்பு முழுக்கப் புள்ளி வைத்த ஒரு படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் 14 பாதைகள், அவற்றின்மேல் 361 புள்ளிகள். பார்த்தாலே மலைப்பாக இருக்கும். ஒரு மாதத்தில் முப்பது நாற்பது பெயர்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியைத் தொடு என்றால் கை தடுமாறும். படத்தில் ஒரு மிளகு அளவுக்கு இருக்கிற கறுப்புப் பொட்டு, உண்மையான காலில் எங்கே இருக்கிறது என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் படம் உதவாது.

அதனால் யார் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் சொல்வேன். ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடவும், அழுத்தவும், அது சரியான இடம்தானா என்று உணரவும் இரண்டு வாரம் பழகுங்கள். மற்றது எல்லாம் அப்புறம். அந்த ஒரு புள்ளி எதுவாக இருக்கலாம் என்றால், சூசான்லி. ஆங்கிலக் குறியீட்டில் எஸ்.டி. 36. இரைப்பைப் பாதையின் 36-வது புள்ளி என்று அர்த்தம். கண்ணுக்குக் கீழே தொடங்கி, முகம், மார்பு, வயிறு, தொடை வழியாக இறங்கிக் காலின் இரண்டாவது விரலில் முடிகிற பாதை அது. மொத்தம் 45 புள்ளிகள். அதில் முட்டிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது நம்முடையது.

ஏன் இது? கைக்கு எட்டும் இடம். உடையைக் கழற்ற வேண்டாம், படுக்க வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தொடலாம். கீழே சதை கெட்டியாக இருப்பதால் விரலால் அழுத்துவதில் ஆபத்து குறைவு. சீன மருத்துவத்தில் அதிகம் பயன்படும் புள்ளிகளில் இதுவும் ஒன்று. சீனத்தின் மிங் அரச காலத்திலிருந்து மாணவர்கள் பாடி மனப்பாடம் செய்த நாலு வரிப் பாட்டு ஒன்று உண்டு. தலைக்கும் கழுத்துக்கும் ஒரு புள்ளி, முகத்துக்கும் வாய்க்கும் ஒன்று, இடுப்புக்கும் முதுகுக்கும் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று நாலே நாலு புள்ளிகளைச் சொல்லும் பாட்டு. அதில் வயிற்றுக்கு உரியது சான்லி, அதாவது நம் சூசான்லி.

பெயரையும் பார்த்துவிடலாம். 'சூ' என்றால் கால். 'சான்' என்றால் மூன்று. 'லி' என்பது சீனத்துத் தூர அளவு, இன்றைய கணக்கில் அரை கிலோமீட்டர். களைத்து உட்கார்ந்தவன் இந்த இடத்தை அழுத்திவிட்டு எழுந்தால் இன்னும் மூன்று லி நடப்பான் என்பது பெயருக்குச் சொல்லப்படும் கதை. முட்டியிலிருந்து மூன்று அளவு கீழே இருப்பதால் வந்த பெயர் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் நடைக்கும் இந்தப் புள்ளிக்கும் உறவு பழையது. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-ல் வடக்கு நோக்கி நீண்ட நடைப்பயணம் கிளம்பும்போது என்னென்ன ஆயத்தம் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். காலுடையின் கிழிசலைத் தைத்தார், தொப்பிக்குப் புதுக் கயிறு கட்டினார், முட்டிக்குக் கீழே சான்ரியில் மூலிகைச் சூடு வைத்துக்கொண்டார். சான்ரி என்பது சான்லியின் ஜப்பானிய உச்சரிப்பு. செருப்பைச் சரிபார்ப்பதுபோல அவருக்கு அது.

சரி, தேட ஆரம்பிக்கலாம்.

விரல் எங்கே போக வேண்டும்

கெட்டியான நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சோபாவில் புதைந்து உட்கார்ந்தால் அளவு தப்பும். வேட்டியோ பேன்ட்டோ, முட்டிக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் துணிக்கு மேலே தேட வேண்டாம்.

முதலில் முட்டிச் சில்லைத் தொடுங்கள். வட்டமாக, கெட்டியாக இருக்கும். அதன் கீழ் விளிம்புக்கு விரலை இறக்கினால், நடுவில் கயிறு போல ஒரு தசைநார் ஓடும். அந்தக் கயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பள்ளங்கள். வெளிப்பக்கப் பள்ளத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் கன்றுமூக்கு. மடக்கிய முட்டியை முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு பள்ளமும் கன்றுக்குட்டியின் மூக்குத் துவாரங்கள் போலவே இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இந்த வெளிப்பக்கக் கன்றுமூக்குதான் நமக்கு ஆரம்ப இடம்.

அங்கிருந்து கீழே மூன்று 'ட்சுன்' இறங்க வேண்டும். இந்த அளவைப் புரிந்துகொள்ளாமல் அக்குபங்சரில் ஒரு அடி நகர முடியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ட்சுன் என்பது சென்டிமீட்டர் போல எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அவரவர் உடம்புக்கு அவரவர் ட்சுன். உங்கள் கட்டைவிரல் கணுவின் அகலம் உங்களுக்கு ஒரு ட்சுன். சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை நாலையும் சேர்த்து வைத்தால், நடுக்கணு மட்டத்தில் அதன் அகலம் மூன்று ட்சுன். நம் ஊரில் பூவை முழம் போட்டு அளப்பார்களே, அதுபோல உடம்பே அளவுகோல். ஆனால் பூக்கடையில் அளப்பவர் கைதான் கணக்கு. இங்கே யார் காலோ அவர் கைதான் கணக்கு. குள்ளமான அம்மாவின் காலை உங்கள் தடித்த விரலால் அளந்தால் புள்ளியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அம்மாவின் கையையே எடுத்து அவர் காலில் வையுங்கள்.

இப்போது நாலு விரலையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, குறுக்காகக் காலின்மேல் வையுங்கள். சுட்டுவிரலின் மேல் ஓரம் கன்றுமூக்கைத் தொட வேண்டும். சுண்டுவிரலின் கீழ் ஓரம் எங்கே முடிகிறதோ, அந்த மட்டத்தில்தான் புள்ளி இருக்கிறது.

உயரம் கிடைத்துவிட்டது. இனி பக்கவாட்டு இடம். காலின் முன்பக்கம் கத்தி முனை போல ஓடும் எலும்பு இருக்கிறதே, இருட்டில் கட்டில் காலில் மோதிக்கொண்டால் உயிர் போகுமே, அதே எலும்பு. அதன் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக, அதாவது சுண்டுவிரல் பக்கமாக, ஒரு நடுவிரல் அகலம் தள்ளுங்கள். விரல் எலும்பை விட்டுச் சதையில் இறங்கும். அங்கேதான்.

சரிபார்க்க ஒரு வழி. விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்குங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை முண்டியெழுந்து கெட்டியாகும். பாதத்தை இறக்கினால் தளரும். அந்தத் தசையின்மேல்தான் சூசான்லி இருக்கிறது. எதுவுமே அசையவில்லை என்றால் எலும்பின்மேல் இருக்கிறீர்கள், அல்லது வெளியே அதிகம் தள்ளிவிட்டீர்கள்.

இன்னொரு வழி, கீழிருந்து மேலே வருவது. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து மெல்ல மேலே உருட்டிக்கொண்டே வாருங்கள். முட்டியை நெருங்கும்போது எலும்பு மேடாகி விரலைத் தடுக்கும். அந்த மேட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கம் ஒரு விரல். இரண்டு வழியிலும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிந்தால் நிம்மதி.

கணக்கு பிடிக்கும் என்றால் டேப்பும் வைத்துக்கொள்ளலாம். முட்டி மடிப்பிலிருந்து வெளிக் கணுக்கால் முண்டு வரை 16 ட்சுன் என்பது பழைய அளவு. உங்களுக்கு அது 40 சென்டிமீட்டர் என்றால் மூன்று ட்சுன் ஏழரை சென்டிமீட்டர். விரல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிதாக வேறுபடாது.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, வெளிப்பக்கம் ரொம்பத் தள்ளிப் போவது. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு உருண்டை தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு எலும்பைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே அழுத்தினால் பாதம் வரை ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்று போகும். சிலர் அதைத்தான் சக்தி ஓடுகிறது என்று நம்பி மேலும் அழுத்துகிறார்கள். கூடாது. அந்தச் சுரீர் வந்தால் உடனே விரலை எடுத்து, எலும்பு விளிம்பு பக்கமாக உள்ளே வாருங்கள்.

அழுத்தம் எப்படி, எவ்வளவு

நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டாம், வழுக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரமாவது விடுங்கள்.

கட்டைவிரல் நுனியின் சதைப்பகுதியைப் புள்ளியில் வைத்து, மற்ற நாலு விரலால் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடி முக்கியம். பிடி இல்லாமல் கட்டைவிரலால் மட்டும் குத்தினால் இரண்டு நிமிடத்தில் விரல் வலிக்கும், அழுத்தமும் ஆடும். மூச்சை வெளியே விடும்போது மெல்ல உள்ளே இறக்குங்கள். ஐந்து வினாடி நிறுத்துங்கள். மூச்சை இழுக்கும்போது தளர்த்துங்கள், ஆனால் விரலைத் தோலிலிருந்து எடுக்க வேண்டாம். இப்படி ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் அடுத்த காலுக்கும். நிறுத்திப் பிடிப்பது பிடிக்காவிட்டால் அதே இடத்தில் சின்ன வட்டமாகச் சுற்றலாம். தோல் தசைமேல் நகர வேண்டும், விரல் தோல்மேல் தேயக் கூடாது. கட்டைவிரலில் மூட்டுவலி உள்ளவர்கள் மடக்கிய சுட்டுவிரல் முட்டியைப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு அழுத்தம்? பத்துக்கு ஐந்து, ஆறு. முகம் சுளிக்காமல் பேச்சைத் தொடர முடிகிற அளவு. மறுநாள் அங்கே தோல் நீலம் பாரித்திருந்தால் அதிகம் அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி, உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். புள்ளி சரியாகப் பட்டால் ஓர் உணர்வு எழும். சீனர்கள் அதை 'தெ ச்சீ' என்கிறார்கள், ச்சீ என்கிற சக்தி வந்து சேர்ந்தது என்று பொருள். அதை விவரிக்க அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் நாலு: புளிப்பு, மரப்பு, கனம், விம்மல். வலி அந்தப் பட்டியலில் இல்லை. தசையில் எப்படிப் புளிப்பு வரும் என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. பிறகுதான் பிடிபட்டது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் "கால் கடுக்குது" என்போமே, அந்தக் கடுப்புதான் அது. மேலே தோலில் எரிச்சல் இருக்காது, உள்ளே ஆழத்தில் ஒரு மந்தமான கடுப்பு, சிலருக்கு அது கணுக்கால் பக்கமாகக் கொஞ்சம் இறங்கும். அந்தக் கடுப்பு வருகிறவரை ஒரு ரூபாய் நாணயத்தின் பரப்பளவுக்குள் விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடலாம். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் ஸ்மியாவ் என்ற மருத்துவர், அழுத்தும்போது நோயாளி "ஆ, அதுதான்!" என்று சொல்லும் இடத்தையே சிகிச்சைப் புள்ளியாகக் கொள்ளலாம் என்று எழுதினார். அளவு உங்களை வாசல் வரை கொண்டு விடும். வீட்டுக்குள் கூட்டிப் போவது அந்த "ஆ".

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சீனர்கள் இதை எவ்வளவு கண்டிப்போடு பழக்கினார்கள் என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். சுங் அரச காலத்தில், 1027-ல், வாங் வெய்யீ என்ற அரண்மனை மருத்துவரின் மேற்பார்வையில் ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல மனிதர்களை வார்த்தார்கள். உடம்பெங்கும் புள்ளிகள் இருக்கும் இடத்தில் துளை. தேர்வு நாளில் துளை தெரியாதபடி மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் ஊசியைச் சரியான இடத்தில் இறக்கினால் நீர் கசியும். தப்பினால் ஊசியே இறங்காது. நமக்கு வெண்கல மனிதன் இல்லை, சொந்தக் கால் இருக்கிறது.

எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்

சீன மருத்துவத்தில் இரைப்பையும் மண்ணீரலும் ஒரு ஜோடி. இது நம் அறிவியல் பாடப்புத்தகத்து மண்ணீரல் இல்லை. சாப்பாட்டைச் சத்தாக மாற்றி உடம்பெங்கும் அனுப்பும் வேலை முழுவதற்கும் அவர்கள் வைத்த பெயர் அது. இரைப்பை வாங்கிக்கொள்கிறது, மண்ணீரல் மாற்றுகிறது. இரைப்பையின் சக்தி கீழ்நோக்கிப் போக வேண்டும், மண்ணீரலின் சக்தி மேல்நோக்கி எழ வேண்டும். கீழே போக வேண்டியது மேலே வந்தால் ஏப்பம், விக்கல், குமட்டல், வாந்தி. மேலே எழ வேண்டியது கீழே இறங்கினால் வயிற்றுப்போக்கு, சோர்வு, கை கால் கனம். இந்த இரண்டையும் அதனதன் திசைக்குத் திருப்பும் புள்ளி என்று சூசான்லியைச் சொல்கிறார்கள். மலச்சிக்கலுக்கும் இதுவே, பேதிக்கும் இதுவே என்று படிக்கும்போது குழப்பமாக இருப்பது இதனால்தான். மருந்து போல ஒரு பக்கமாகத் தள்ளுவது இல்லை, நடுநிலைக்குக் கொண்டு வருவது என்பது அவர்கள் கருத்து.

அதனால் வயிறு உப்பல், மந்தம், பசியின்மை, சாப்பிட்டதும் வரும் கனம், இவைதான் முதல் பயன். அடுத்தது சோர்வு. காய்ச்சல் விட்ட பிறகு உடம்பு தேறாமல் இருப்பவர்களுக்கு இந்தப் புள்ளியைத் தினம் தொடச் சொல்வார்கள். மூன்றாவதாக, அது இருக்கும் இடத்துக்கே உரிய பயன்: முட்டிவலி, நடந்து நடந்து கெட்டித்துப்போன முன்கால் தசை. மூன்றாவதற்கு எந்தத் தத்துவமும் தெரிந்திருக்க வேண்டாம், நீண்ட நடைக்குப் பிறகு அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

குமட்டல்தான் முதல் தொந்தரவு என்றால் நான் சூசான்லிக்கு முன்னால் கைப்பக்கம் போவேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் என்ற புள்ளி. பஸ் பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு அது கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவது சீனத்தில் வழக்கம்.

என் அத்தையின் காலில் முதல்முறை இந்தப் புள்ளியைப் பிடித்தது ஒரு கல்யாண வீட்டில். மதியப் பந்திக்குப் பிறகு, மண்டபத்துப் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "வாயு அடைச்சுக்கிச்சுடா" என்றார். வயது அறுபத்திரண்டு, சர்க்கரை உண்டு. நான் காலைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது மூன்று கேள்வி: "நெஞ்சை அழுத்துதா அத்தை? வேர்க்குதா? தோள், தாடை, கை எங்கயாவது இழுக்குதா?" எதுவும் இல்லை என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை. அப்புறம்தான் புடவையைச் சற்று ஒதுக்கச் சொல்லி, அவருடைய நாலு விரலையே எடுத்து முட்டிக்குக் கீழே வைத்தேன். மெட்டிக் கால், வறண்ட தோல், நான் நினைத்ததைவிடச் சின்ன விரல்கள். என் கையால் அளந்திருந்தால் அரை அங்குலம் கீழே போயிருப்பேன். கட்டைவிரலை இறக்கிச் சற்று நகர்த்தியதும், "அங்கதான்… அய்யோ கடுக்குது, விடாத" என்றார். இரண்டு காலும் முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் பெரிதாக இரண்டு ஏப்பம் விட்டார், முகம் தெளிந்தது. அழுத்தியதால் வந்ததா, பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டதால் வந்ததா, பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த மூன்று கேள்வியைக் கேட்காமல் நான் தொட்டிருக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

நம் வீடுகளில் மாரடைப்பு பல நேரம் "வாயுப் பிடிப்பு" என்ற பெயரில்தான் வருகிறது. சோடா குடித்து, இஞ்சி மென்று, கைவைத்தியம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முதல் மணி நேரத்தைத் தொலைக்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வயிற்றுப் பொருமலாகவும் வரலாம். அதனால் மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தாலும், வழக்கத்துக்கு மாறான பொருமல், மூச்சு வாங்கல், திடீர்ச் சோர்வு இருந்தால் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டாம். வண்டியை எடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதேபோல, விட்டுவிட்டு வந்த வயிற்றுவலி வலது அடிவயிற்றில் வந்து நிலைத்தாலும், வயிறு பலகை போல இறுகினாலும், காய்ச்சலோடு வாந்தி இருந்தாலும், மலத்தில் ரத்தமோ கருமையோ தெரிந்தாலும் இந்தப் புள்ளிக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு குடல்வால் கதை

இதற்குப் பொருத்தமாக ஒரு நிகழ்ச்சி. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் இருந்தபோது குடல்வால் அழற்சி வந்து ஆபரேஷன் ஆனது. ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தவறு. அவரே எழுதிய கட்டுரையில் தெளிவாக இருக்கிறது: வழக்கமான மரத்துப்போகும் ஊசி மருந்து கொடுத்து, வழக்கமான அறுவை சிகிச்சையில்தான் குடல்வாலை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பிச் சிரமப்பட்டபோதுதான் அக்குபங்சர் மருத்துவர் வந்தார். வலது முழங்கையிலும் முட்டிகளுக்குக் கீழேயும் ஊசி போட்டார், வயிற்றுக்கு அருகே மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்பல் தணிந்தது, திரும்ப வரவில்லை என்று ரெஸ்டன் எழுதினார். புள்ளியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் வயிற்று உப்பலுக்கு முட்டிக்குக் கீழே ஊசி என்றால் இந்தத் துறையில் இருப்பவர்கள் சூசான்லியைத்தான் நினைப்பார்கள். ஜூலை 26 அன்று நியூயார்க் டைம்ஸில் வந்த அந்தக் கட்டுரைதான் அமெரிக்காவில் அக்குபங்சர் பேச்சைப் பெரிதாகக் கிளப்பியது.

இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மருத்துவமனை குடல்வாலைக் கத்தியிடம் கொடுத்தது, உப்பலை ஊசியிடம் கொடுத்தது. எதை எதனிடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சூடு வைப்பது பற்றி

பாஷோ வைத்துக்கொண்ட சூடு, ரெஸ்டனுக்குக் காட்டிய சூடு, இரண்டுக்கும் மோக்சா என்று பெயர். ஆர்டிமீசியா இனத்துச் செடி ஒன்றின் இலையை உலர்த்தி இடித்துப் பஞ்சு போல ஆக்கிச் சுருட்டிக் கொளுத்துவது. நம் பூக்கடைகளில் மணக்கிற மரிக்கொழுந்தும் அதே இனம்தான், ஆனால் மோக்சாவுக்குப் பயன்படுவது வேறு வகை, மாற்றிப் பயன்படுத்த முடியாது. 752-ல் வாங் தாவ் தொகுத்த சீன மருத்துவ நூல், முப்பது வயதைத் தாண்டியவர்கள் சான்லியில் சூடு வைக்காவிட்டால் சக்தி மேலேறிக் கண் மங்கும் என்கிறது. அந்தக் காலத்தில் தோலின்மேலேயே வைத்துக் கொப்புளம் வரச் சுட்டார்கள். இன்று குச்சியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, இதமான சூடு வரும்வரை காட்டினால் போதும் என்கிறார்கள்.

புதியவர்கள் இதை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது அறவே கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும், அந்தப் புண் ஆறாது. ஊசியும் அப்படியே. இந்தத் தசைக்கு அடியில் ஆழத்தில் ஒரு ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. முறையாகப் படித்தவர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியால் போட வேண்டிய இடம் அது. நமக்கு விரல் போதும்.

விரலால்கூடத் தொடக் கூடாதவர்கள்

காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அதை அழுத்திவிடவே கூடாது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. நரம்புச் சுருட்டல் அந்த இடத்திலேயே இருந்தால் தவிர்க்கவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மிக மெல்ல, டாக்டரைக் கேட்டுவிட்டு. புண், சொறி, புதிய அடி இருந்தால் ஆறும்வரை விடுங்கள். கர்ப்பிணிகள் எந்தப் புள்ளியையும் தானாக அழுத்தாமல் தங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். குறிப்பாக இதே காலில், உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே இருக்கும் சான்யின்ஜியாவ் என்ற புள்ளியைக் கர்ப்ப காலத்தில் தொடக் கூடாது என்பது பழைய விதி. 'கணுக்கால்', 'நாலு விரல்' என்று கேட்டதைக் குழப்பிக்கொண்டு இதற்குப் பதில் அதை அழுத்துபவர்கள் உண்டு.

இன்றைய ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். 2021-ல் 'நேச்சர்' இதழில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் சியூஃபூ மா குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலியின் பின்னங்காலில் சூசான்லிக்கு நிகரான இடத்தில் குறைந்த அளவு மின்சாரத்தை ஊசி வழியாகச் செலுத்தியபோது, அங்கே ஆழத்தில் முடியும் ஒருவகை நரம்புகள் தூண்டப்பட்டு, மூளை வழியாக அட்ரீனல் சுரப்பி வரை செய்தி போய், உடம்பின் அழற்சி குறைந்தது. அதே அளவு மின்சாரத்தை வயிற்றுப் புள்ளியில் கொடுத்தபோது அது நடக்கவில்லை. அந்த வகை நரம்பை நீக்கிய எலிகளிலும் நடக்கவில்லை. எலிக்கு மின்சாரம் கொடுத்தது வேறு, நாம் கட்டைவிரலால் அழுத்துவது வேறு, ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்க மாட்டேன். ஆனால் எந்த இடத்தைத் தொடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது என்று ஒரு ஆய்வுக்கூடம் காட்டியதைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரப் பயிற்சி

தினமும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை இரைப்பையின் நேரம் என்று சீனக் கணக்கு சொல்கிறது. அது தோதுப்படாவிட்டால் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைவிட விடாமல் செய்வதுதான் பலன் தரும்.

முதல் மூன்று நாள் தேடுவது மட்டும். நாலு விரல் வைத்து, எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, பாதத்தைத் தூக்கிச் சரிபார்த்து, பால்பாயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வையுங்கள். கையைக் கழுவிவிட்டு வந்து, பொட்டைப் பார்க்காமல் மறுபடி தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். முதல் நாள் ஒத்துப்போகாது, பரவாயில்லை. நாலாம் நாளிலிருந்து அழுத்த ஆரம்பியுங்கள். இடது காலிலும் வலது காலிலும் கடுப்பு ஒரே மாதிரி இருக்காது. எந்தக் கால் அதிகம் கடுக்கிறது, அன்று என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் போனதும் கண்ணை மூடிக்கொண்டு தேடுங்கள்.

பதினைந்தாம் நாள் வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவர் கையை எடுத்து அவர் முட்டிக்குக் கீழே வைத்து, சுண்டுவிரல் முடியும் இடத்தில் உங்கள் கட்டைவிரலை இறக்குங்கள். "அங்கதான்" என்று அவர் சொல்லும்வரை மெல்ல நகர்த்துங்கள்.